இருட்டு குறையாமல் மையைக் குறைத்தேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதம். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கச் சுவரில் ஒரு நீலத் துணி. மொத்தக் கடையும் அவ்வளவுதான். இந்த வேலையை நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், டைப்ரைட்டிங் போனேன், கல்யாணம் ஆனது. அப்புறம் கையில் கிடைத்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி நானாகவே கற்றுக்கொண்டதுதான் எல்லாம். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் அடிப்பேன்.

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் பேசும்போது மனசில் நிற்கிற மாதிரி ஒரு வார்த்தை விழுந்தால், மீந்துபோன கல்யாணப் பத்திரிகையின் முதுகில் அதை எழுதி வைத்துவிடுவேன். ஆதார் கார்டுக்காக அலைந்த ஒரு பெரியவர், "நான் நான்தான்னு சொல்றதுக்கு இது ஆறாவது தடவம்மா" என்றார். அதுவும் என்னிடம் இருக்கிறது. நான் சொல்லப்போகிற விஷயமும் அப்படி எழுதி வைத்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான்.

என் வீட்டுக்காரர் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வேலை செய்கிறவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். விடிவதற்கு முன்னால் கிளம்புகிற ரயிலைப் பிடித்தால்தான் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். வருஷக்கணக்காக ஒரே பெட்டி, ஒரே சீட்டு. ஒரே பெட்டிக்காரர்கள் என்றால் ஒரு குடும்பம் மாதிரி. ஆயுத பூஜைக்குப் பெட்டி வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கு அதே பெட்டியில் கேக் வெட்டுவார்கள். வருஷக் கடைசியில் அந்தப் பெட்டிக்கென்றே ஒரு காலண்டர் போடுவார்கள். மேலே எல்லாரும் நிற்கிற போட்டோ, கீழே பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில். வழவழ பேப்பர் அவர்களுக்கு ஆகாது. லீவு போட்ட நாள், ரயில் லேட்டான நாள், சீட்டுப் பணம் எடுக்கிற நாள் எல்லாம் பேனாவால் எழுத வேண்டுமே. அதனால் நோட்டுப்புத்தகத் தாள் மாதிரி எழுதுகிற பேப்பரில்தான் அச்சடிப்பார்கள்.

அந்த வருஷம் காலண்டர் வேலை என் கைக்கு வந்தது. அதுவரை நான் செய்ததெல்லாம் பில் புக், பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். நாலு கலரில் போட்டோ வைத்து ஆப்செட் மெஷினுக்குப் போகிற வேலை அதுதான் முதல் தடவை.

அந்தப் பெட்டியில் எல்லாருக்கும் அக்கா என்று ஒருவர். வயசானவர்களுக்கும் அவர் அக்காதான். பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அந்த ரயில். அந்த வருஷக் கடைசி நாளோடு ரிட்டயர். வழக்கமாகக் காலண்டர் போட்டோவை ஆயுத பூஜை அன்று, சீரியல் செட்டெல்லாம் போட்டு, பளிச்சென்று எடுப்பார்கள். அக்கா அதை வேண்டாம் என்றாராம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்:

"காலையில ரயிலுக்கு எப்படி நிக்கறமோ அப்படியே எடுங்கன்னு சொல்றாங்க. மேக்கப் இல்ல, பூ இல்ல. பை, டிபன் பாக்ஸ், மங்கி குல்லா, எல்லாத்தோட."

"அது இருட்டாச்சே, இன்னாங்க தெரியும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'நம்ம ஊரு சூரியன நான் ஞாயித்துக்கிழம மட்டுந்தான் பாத்திருக்கேன், மத்த நாளுக்கு இருட்டுதான் நமக்கு ஊரு'ன்னு சொல்றாங்க."

உடனே ஒரு பத்திரிகை முதுகைத் தேடி எழுதிக்கொண்டேன்.

போட்டோவை நானே எடுத்தேன். ஒரு திங்கட்கிழமை, சாம்பியன் ரீப்ஸ் பிளாட்பாரத்தில், நல்ல பனி. முப்பத்திரண்டு பேர். மேலே கன்னங்கரேலென்று ஆகாயம். பிளாட்பாரத்து லைட் ஒன்று பின்னாலிருந்து அடிக்க, ரயில் உள்ளே வந்து என்ஜின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஒரு பக்கமாக விழுந்த அந்த ஒரு நொடியில் அழுத்தினேன். நடுவில் அக்கா. கருநீல ஸ்வெட்டர், கையில் டிபன் பை, சிரிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு முகம். எடுத்து முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. தற்புகழ்ச்சி என்று நினைக்காதீர்கள், நல்ல படம்.

இனிமேல்தான் என் கோணங்கித்தனம்.

அச்சில் நாலு மை. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. படத்தில் எந்த இடத்தை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒவ்வொரு மையும் பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் விழலாம். நாலையும் கூட்டினால் அந்த இடத்தில் காகிதம் எவ்வளவு மை குடிக்கிறது என்று வரும். உச்சம் நானூறு. ஆனால் எந்தக் காகிதமும் நானூறைத் தாங்காது. எழுதுகிற பேப்பர் என்றால் இன்னும் மோசம். மை காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் நாசம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இருட்டு நல்ல இருட்டாக இருக்க வேண்டும் என்பதுதான். ஆகாயத்தைத் தேர்வு செய்து நாலு மையையும் இழுக்கிற மட்டும் மேலே இழுத்தேன். அக்கா ஸ்வெட்டருக்கும் கொஞ்சம். திரையில் பார்த்தால் அப்படியே வெல்வெட்டு மாதிரி இருந்தது. பங்காருபேட்டையில் இருக்கிற பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் பிரஸ் ஒரே ஆளின் ராஜ்ஜியம். முதலாளியும் அவர்தான், மெஷின் ஓட்டுகிறவரும் அவர்தான். வீட்டில் தெலுங்கு, மெஷினோடு கன்னடம், என்னோடு தமிழ். மறுநாள் போன்.

"இன்னாம்மா, போட்டோ அனுப்பச் சொன்னா தார் டின்ன அனுப்பிக்கிற?"

"இருட்டு போட்டோ ணா அது."

"இருட்டு சரி. ஆகாசத்துல முன்னூத்தித் தொண்ணூறு மை வெச்சிருக்க. இந்தப் பேப்பர்ல இருநூத்தி எழுவது தாண்டுனா தாள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி கட்டிப் புடிச்சிக்கும். வருசா வருசம் டிசம்பர்ல உங்க டி.டி.பி. ஆளுங்களால என் தலைவேதனை இதுதான். நான் தொளச்சி லைட் பண்ணிக்கிறேன், விடு."

'தொளச்சி' என்றால் கழுவி. அவர் வாயில் கன்னடம் இப்படித்தான் கலந்துவரும். சொன்னபடியே செய்தார். அரை மணியில் வாட்ஸப்பில் படம் வந்தது. முழுப் படத்தையும் ஒரே இழுப்பாக வெளுத்துவிட்டிருந்தார். ஆகாயம் சாம்பல். ஸ்வெட்டர் வாஷிங் மெஷினில் நூறு தடவை போட்ட மாதிரி. முகமெல்லாம் பவுடர் அப்பியது போல. கூடவே ஒரு செய்தி: வியாழக்கிழமை மத்தியானம் அச்சுப் பிளேட் போட வேண்டும், அன்றைக்கு விட்டால் மெஷினில் வேறு வேலை ஏறிவிடும், அப்புறம் பொங்கல் கழித்துத்தான்.

பொங்கல் கழித்து வந்தால் அந்தக் காலண்டர் யாருக்கு? அக்கா ரயிலில் இருக்க மாட்டார்.

எனக்கும் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெளுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் அதுதானே வழக்கம். யார் வந்து உட்கார்ந்தாலும் கேட்காமலே ஒரு ஷேடு ஏற்றிக் கொடுப்போம். என் கையும் அப்படிப் பழகியதுதான். பாஸ்போர்ட் போட்டோவில் எத்தனை பேரை மாநிறம் ஆக்கியிருப்பேனோ கணக்கே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைப் புடவையும் கையில் பைபிளுமாக அக்கா கடைக்கு வந்தார். நல்ல வெயில். வெயிலில் அவரை அதுவரை நான் சரியாகப் பார்த்ததேயில்லை. பிரஸ்காரர் அனுப்பிய படத்தைத் திரையில் பெரிசாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நடுவில் இருக்கிற முகத்தில் விரலை வைத்தார்.

"யாரும்மா இது? நல்லா கீறாங்க."

கிண்டல் கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரே புரிந்துகொண்டு சிரித்தார்.

"கல்யாண போட்டோவுல ஒரு வெள்ளக்காரி கீறா. கம்பெனி கார்டுல இன்னொருத்தி. பேரன் பொறந்தப்போ எடுத்ததுல கூட எவளோ ஒருத்திதான் புள்ளய தூக்கிக்கினு கீறா. எங்க ஊட்டு செவுத்துல எந்த போட்டோவுலயும் நான் இல்லம்மா. இதுல வருவேன்னு பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "பரவால்ல, உடு. நீ இன்னா பண்ணுவ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தட்டு என்னமோ பண்ணியது. கண்ணாடி பீரோவில் ஒட்டி வைத்திருந்த மாதிரிப் பாஸ்போர்ட் போட்டோக்களைப் பார்த்தேன். வரிசையாக எல்லாரும் ஒரே நிறம்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் பழைய படத்தை, நான் கை வைக்காத மூலப் படத்தை எடுத்தேன். போட்டோ திருத்துகிற சாப்ட்வேரில் ஓரமாக ஒரு சின்னக் கட்டம் உண்டு. அம்புக்குறியை எங்கே வைக்கிறோமோ அங்கே நாலு மையும் எவ்வளவு என்று எண் காட்டும். அத்தனை வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. அன்றைக்குத்தான் படித்தேன். ஒரு பத்திரிகை முதுகை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்து, நாலையும் கூட்டி, எழுத ஆரம்பித்தேன். ஆகாயம் இடது மூலை, முன்னூற்று இருபத்தெட்டு. பெஞ்சுக்கு அடியில், முன்னூற்றுப் பத்து. என் வீட்டுக்காரர் மங்கி குல்லா, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. ஸ்வெட்டர் மடிப்பு, முன்னூற்று நாலு.

அப்புறம் முகங்கள். அக்கா முகத்தில் என்ஜின் வெளிச்சம் படாத பக்கம் எடுத்தேன். இருநூற்றுப் பதினாலு.

தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். இருநூற்றுப் பதினாலுதான். பக்கத்தில் நிற்கிறவரை எடுத்தேன், அந்தக் கூட்டத்திலேயே நல்ல கறுப்பு அவர். இருநூற்று முப்பத்தொன்று. முப்பத்திரண்டு முகத்தையும் பார்த்தேன். ஒரு முகம் கூட இருநூற்று நாற்பதைத் தொடவில்லை.

அந்தக் கடையில் நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். மையை மீறியது ஆகாயம், நிழல், குல்லா, ஸ்வெட்டர். மனுஷர்கள் யாரும் மீறவே இல்லை. எங்கேயோ ஆகாயத்தில் இருந்த பாரத்துக்காக இவர்கள் முகத்தை எல்லாம் சேர்த்து வெளுத்திருக்கிறோம்.

என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற கூண்டை இங்கே கேஜ் என்போம். கேஜ் வாசலில் தலை எண்ணி ஏற்றுகிற ஆள் ஒருவர் இருப்பாராம். அளவு ஆனதும் குறுக்குக் கம்பியைப் போட்டுவிடுவார், மேனேஜரே வந்தாலும் அடுத்த கேஜ்தான் என்று அப்பா சொல்லுவார். அதுதான் ஞாபகம் வந்தது. அளவு மீறினால் யார் கூடுதலோ அவரைத்தான் இறக்க வேண்டும், எல்லாரையும் பட்டினி போட்டு இளைக்க வைக்க முடியாது.

ஆனால் ஆகாயத்திலிருந்து மையை இறக்கினால் வெளுத்துவிடுமே? அங்கேதான் இரண்டு நாள் போனது. நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் மேல் மேலாக விழுந்தால் கிட்டத்தட்ட ஒரு கறுப்பு வரும். அந்த மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையைக் கறுப்பு மை ஒருத்தனே செய்துவிடுவான். மூன்றிலும் அளவாக எடுத்துவிட்டு, கறுப்பைக் கூட்டினால் இருட்டு அப்படியே இருக்கும், கூட்டுத்தொகை சர்ரென்று இறங்கும். சாப்ட்வேரில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. மொத்த மை எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, கறுப்பு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லலாம். யாரோ வடநாட்டுக்காரர் இந்தியில் போட்டிருந்த வீடியோவை நாலு தடவை பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். எனக்கு இந்தி தெரியாது. அவர் அம்புக்குறி போகிற வழியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

முதல் தடவை கறுப்பை முழுசாக ஏற்றிவிட்டேன். ஆகாயம் அருமை. முகங்களோ அடுப்புக்கரி பூசிய மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பிரஸ்ல வெள்ளையா போட்டாங்க, நீ எங்கள சொரங்க ஷாப்டுல எறக்கிட்ட" என்றார். சரி என்று படத்தை இரண்டாகச் செய்தேன். ஆகாயம், நிழல், துணிமணிகளுக்குக் கறுப்பு அதிகம் உள்ள கணக்கு. முகங்களுக்கும் கைகளுக்கும் கறுப்பு குறைவான பழைய கணக்கு. ஒன்றின் மேல் ஒன்று வைத்து, முப்பத்திரண்டு முகத்தின் ஓரத்தையும் ஒவ்வொன்றாக மௌஸால் வரைந்தேன். செவ்வாய் முழுக்க, புதன் மத்தியானம் வரைக்கும் அதுதான். வெளியே ஜெராக்ஸ் கேட்டு வந்தவர்களையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன். கடைசியில் மறுபடி எண் எடுத்தேன். ஆகாயம் இருநூற்று ஐம்பத்தாறு. ஸ்வெட்டர் இருநூற்று நாற்பத்தெட்டு. அக்கா முகம் அதே இருநூற்றுப் பதினாலு. அதை நான் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பங்காருபேட்டைக்குப் போனேன். பிரஸ் அண்ணா என்னைப் பார்த்ததும், "நீயே வந்துட்டியா, சண்டையா?" என்றார்.

"கணக்கு ணா. நீங்களே பாருங்க."

படத்தைத் திறந்தார். பார்த்ததுமே தலையை ஆட்டினார். "இருட்டு அப்படியே கீது. ஆவாது."

"எண்ணு பாருங்க ணா."

"ஆகாசம்?"

"இருநூத்தி அம்பத்தாறு."

அம்புக்குறியை வைத்தார், உதட்டுக்குள் கூட்டினார். அடுத்த இடத்துக்குப் போனார். "இந்தக் குல்லா?"

"அது என் வீட்டுக்காரர் ணா. இருநூத்தி முப்பத்தொம்பது."

"வீட்டுக்காரருக்கு ஒரு சலுக காட்டலயா? நடு அம்மா முகம்? இது முன்னூறு இருக்கும் பாரு."

"இருநூத்திப் பதினாலு."

வைத்துப் பார்த்தார். பதினாலேதான். இன்னும் ஏழெட்டு இடத்தில் கேட்டார். பத்திரிகை முதுகைப் பார்க்காமலே சொன்னேன். இரண்டு நாளாக அதே எண்களோடு குடித்தனம் செய்தவளுக்கு மறக்குமா? "ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒப்பிக்கிற" என்றார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "எண்ணு சரிதான். ஆனா வருசா வருசம் காலண்டர் தாள் ஒட்டிக்குது. நான் பவுடர் தூவிப் பாத்தாச்சு, காய வெச்சுப் பாத்தாச்சு. போட்டோவுல தான் கோளாறு இருக்கும். ரிஸ்க்கு வேணாம், கொஞ்சம் லைட் பண்ணிட்றேன்."

அவர் கை மௌஸுக்குப் போய்விட்டது. நான் அந்த இந்தி வீடியோவின் கடைசியில் பார்த்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. அச்சுக்குப் போகிற முழுப் பக்கத்தையும் திறந்து, ஓர் அளவைச் சொன்னால், அந்த அளவை மீறின இடமெல்லாம் தானாகவே பச்சையாக எரியும்.

"ணா, ஒரே ஒரு நிமிஷம். உங்க காலண்டர் பேஜ்ல இந்த போட்டோவ வெச்சு, முழு ஷீட்ட தெறங்க. நான் ஒண்ணு காட்றேன்."

என்ன நினைத்தாரோ, நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கொடுத்தார். தேடிப் பிடித்து இருநூற்று எழுபது என்று அடித்தேன்.

போட்டோவில் ஒரு புள்ளி கூடப் பச்சை இல்லை.

போட்டோவைச் சுற்றி இருந்த கறுப்பு பார்டர் முழுக்கப் பச்சை. கீழே பன்னிரண்டு மாதத்துக்கும் தலைப்புக்குப் பின்னால் ஓடுகிற கறுப்புப் பட்டை, பன்னிரண்டும் பச்சை. விளக்கு போட்ட மாதிரி எரிந்தது.

அம்புக்குறியை பார்டரில் வைத்தேன். நூறு, நூறு, நூறு, நூறு.

அந்த பார்டரும் பட்டையும் நான் செய்தது இல்லை. பிரஸ்ஸில் வருஷா வருஷம் எல்லாருடைய காலண்டருக்கும் அவர் போடுகிற அச்சு அது. படம் மட்டும்தான் மாறும்.

பிரஸ் அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பச்சை போகவில்லை.

"இது யாரு செஞ்சது தெரியுமா?" என்றார்.

"தெரியாது ணா."

"நான்தான். கம்ப்யூட்டர் வாங்குன புதுசுல. கறுப்பு நல்லா கறுப்பா வரட்டும்னு." என் பக்கம் திரும்பி, "உன்ன மாதிரியேதான்" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று துள்ள வேண்டிய இடம் அது. ஆனால் எனக்கு அவர்மேல் ஒரு பாசம்தான் வந்தது. நானும் அதே ஆசையில்தானே தார் டின்னை அனுப்பினேன். நல்ல கறுப்புக்கு ஆசைப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேருமே. "வெளியே யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். மாட்டேன் என்றேன். யார் பெயரும் போடாமல் எழுதுவதில் இந்த ஒரு வசதி இருக்கிறது.

பார்டரில் நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் அவரே எடுத்தார், கறுப்பை மட்டும் விட்டார். பச்சை அணைந்தது. பிளேட் போட்டு, சாயங்காலம் மெஷின் ஏறியது. நான் போகவில்லை, நின்று பார்த்தேன். தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. எண் சரி, சாப்ட்வேர் சரி, ஆனால் தாள் என்ன சொல்லப்போகிறதோ. பாதியில் மெஷினை நிறுத்தினார். அடுக்கின் நடுவில் கையை விட்டு ஒரு தாளை உருவினார். திருப்பி முதுகைப் பார்த்தார். வெள்ளை. ஆகாயத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். லேசாக ஒரு நிழல், அவ்வளவுதான்.

"ஒட்டல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையையும் எழுதி வைத்திருக்கிறேன். மெஷின் ஓட்டுகிறவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. கிளம்பும்போது, "அந்தப் பச்ச எப்படி வருதுன்னு இன்னொரு தடவ காட்டிட்டுப் போ" என்றார். நாற்காலியைத் துடைத்துவிட்டு எனக்குப் போட்டார். வாம்மா, போம்மா என்று பேசிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு வாசல் வரை வந்து, "மேடம், பாத்துப் போங்க" என்றார். ரயிலில் வரும்போது யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அந்த "மேடம்" என்பதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வருஷக் கடைசி நாள், நானும் அந்த ரயிலில் ஏறினேன். அக்காவுக்கு அது கடைசிப் பயணம் என்று பெட்டிக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு டிபன் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஒரு காலண்டரைத் தொங்கவிட்டார்கள். ஒருத்தர், "இன்னாடா இது, கரண்டு போனப்ப எடுத்த போட்டோவா" என்றார். இன்னொருத்தர், "நீ வேலைக்குப் போற நேரம் வேற எப்படி இருக்கும், மத்தியானமா போற?" என்றார். பெட்டியே சிரித்தது. ஒவ்வொருவராக எட்டி எட்டித் தங்களைத் தேடினார்கள். இருட்டுக்குள்ளிருந்து முகங்கள் தெளிவாக, அவரவர் நிறத்தில், என்ஜின் வெளிச்சம் பட்ட கன்னத்தோடு இருந்தன.

அக்கா கடைசியாக எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வண்டி ஆட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை இடது பக்கத்திலிருந்து மெதுவாக ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே வந்தார். நடுவில் வந்ததும் விரல் நின்றது.

"இதோ கீறேன்" என்றார்.

திரும்பி என்னைப் பார்த்து, கடையில் தட்டின அதே தோளில் இன்னொரு தடவை தட்டினார்.

அந்தக் காலண்டரின் வருஷம் முடிந்ததும் அவர் கீழே தேதிகளை வெட்டி எறிந்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டுக் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "அது எங்க ஊட்டுக்கு வந்த விருந்தாளி, இது நானு" என்று காட்டுகிறாராம். பங்காருபேட்டை பிரஸ்ஸிலிருந்து இப்போது மாதத்துக்கு நாலு பைல் என்னிடம் வருகிறது, பச்சை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பச் சொல்லி. அது எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

ஆனால் கடையில் நீலத் துணிக்கு முன்னால் யாராவது வந்து உட்கார்ந்து, படத்தைத் திரையில் திறக்கும்போது, பழகின கை இன்னமும் தானாக வெளுக்கிற இடத்துக்குத்தான் போகிறது. "யாரும்மா இது" என்று அக்கா கேட்ட குரல் காதில் விழுகிறது, கையை எடுத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருக்கிறவரை இன்னொரு தடவை நன்றாகப் பார்க்கிறேன்.